ஐஸில் புதைத்த விரல்நுனி

மடக்குக் கட்டிலைப் போல நன்றிகெட்ட சாமான் உலகத்தில் கிடையாது. வருடக்கணக்காக நம்மைச் சுமக்கும். ஒரு நாள் நாம் அதைத் தூக்கப்போனால் கடித்துவிடும். அன்று லாரியில் ஏற்றும்போது என் மருமகனின் வலது கட்டைவிரல் நுனியை நகத்தோடு துண்டாக்கியது கட்டில்தான், நான் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

அவர் போட்ட கூச்சலில் நாலு தெரு நாய்களும் ஊரைக் காலி செய்துவிட்டன. மகள் அவர் கையைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"மாமா, அந்தத் துண்ட விட்டுடாதீங்க" என்றார்.

"நான் பாத்துக்கிறேன் மாப்ள. யாராச்சும் ஆட்டோவக் கூப்பிடுங்க."

மாப்பிள்ளை கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எறும்பின் கண்ணளவு திருகாணியைக்கூடக் கட்டைவிரலால் தடவியே மரை தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அந்த விரலை நம்பித்தான் தூரத்து நகரத்துப் பெரிய கடை அவரை அழைத்திருந்தது. என் ஒரே மகளும் அந்த லாரியில்தான் போவதாக இருந்தாள்.

நான் ஓய்வு பெறும்வரை தொழிற்சாலையில் முதலுதவி வகுப்பு எடுத்தவன். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்கவேண்டும். ஐஸ் நேராகப் பட்டால் சதை செத்துவிடும். செத்த பிறகு எழுப்பிக் கேட்டாலும் இதை ஒப்பிப்பேன். சமையலறைக்குப் போய், டப்பா நிறைய ஐஸ் கொட்டி, துண்டை வெறுமனே நடுவில் புதைத்தேன். மேலே ஒரு பிடி உப்பும் தூவினேன். உப்பு போட்டால் இன்னும் நன்றாகக் குளிரும்.

"யாருங்க இத நேரா ஐஸ்ல போட்டது?" என்றார் டாக்டர்.

"பதட்டத்துல நான்தாங்க."

"விடுங்க பெரியவரே, எல்லாரும் பண்ற தப்புதான்."

துண்டு ஒட்டவில்லை. ஆட்காட்டி விரலின் முதுகுத் தோலைக் கதவுபோலத் திறந்து, கட்டைவிரல் முனையை மூடித் தைத்தார். இரண்டு விரலும் ஒட்டியபடியே சில வாரம், பிறகு பிரித்துவிட்டார். கண்ணுக்கு லட்சணமான விரல். தொட்டால் மட்டும் கல்லுக்கும் பஞ்சுக்கும் வித்தியாசம் தெரியாது. கடைக்காரர் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்.

அத்தனை நாளும் நான்தான் சோறு ஊட்டினேன். "எங்கப்பாகூட இப்படிச் செய்யமாட்டாரு மாமா" என்று மாப்பிள்ளை கண் கலங்கினார்.

மகள்தான் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்தது நீங்கதானப்பா?"

பிறகு என்னோடு பேசவில்லை. உங்களைக் கூப்பிட்டதும் அவள்தான், ஐயா. ஆமாம், தெரிந்தேதான் செய்தேன். பேசாவிட்டால் என்ன, கண்ணெதிரில் இருக்கிறாளே. உள்ளே பெட்டி இழுக்கும் சத்தம் கேட்கிறதல்லவா, அறையை ஒழுங்கு பண்ணுகிறாள், வேறொன்றுமில்லை.