பின்னால் நின்று தட்டியவர்

இரவு பதினொன்றரை இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பழைய செங்கல் சூளையைத் தாண்டினால் அந்த ரோட்டில் ஈ காக்கா கிடையாது... வீடு கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது. அந்த ரோட்டில் ஒரு தச்சர் தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தார்.

என் நண்பனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் அவர். கதை கட்டுகிற ஆள் இல்லை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். இது முடிந்தபிறகு வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போகப்போவது நீங்கள்தான், நான் இல்லை.

காருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் மாட்டுகிற கொக்கி காலி. ஒயர் செருகுகிற இடம் காலி. ஆனால் சூளை வளைவு வந்ததும் ஸ்டீயரிங் பக்கத்துத் திரை பளிச்சென்று எரிந்தது. 'ட்ரெய்லர் இணைக்கப்பட்டுள்ளது.'

தச்சர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. கண்ணாடியில் வைப்பர் மட்டும் ஒரு தடவை போய் வந்தது... அப்போது பின்னாலிருந்து...

டிங்.

தகரத்தில் சாவியால் தட்டுகிற சத்தம். ஒரே ஒரு தடவை. கூடவே மூடிய காருக்குள் பெப்பர்மிண்ட் வாசனை.

தச்சருக்கு உள்ளங்கால் சில்லிட்டுப் போனது. அந்தத் தட்டு யாருடையது என்று அவருக்குத் தெரியும். தட்டியவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது.

அந்தக் கார் வாங்கின கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

தச்சர் கட்டில், அலமாரி எல்லாம் செய்து, ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய் வீடுகளில் இறக்குகிறவர். ரொம்ப நாள் ஒரு பழைய வேன் வைத்திருந்தார். அதில் ட்ரெய்லர் விளக்கு எரியவில்லை என்றால் ஒயரோடு ஒயரை முறுக்கி டேப்பைச் சுற்றினால் வேலை முடிந்தது. அப்புறம் புதுக் கார் வாங்கினார். எல்லாம் கம்ப்யூட்டர். கதவு சரியாகச் சாத்தவில்லை என்று ஒரு குறை, பெல்ட் போடவில்லை என்று ஒரு குறை. மாமியார்கூட அத்தனை குறை சொல்ல மாட்டாள். பின்னால் இருக்கிற ஒவ்வொரு விளக்கையும் அது நாடி பிடித்துப் பார்க்கும். கரண்ட் கொஞ்சம் கூடக் குறையப் போனால் தீர்ந்தது, ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிடும். பழைய ட்ரெய்லரை மாட்டிய முதல் நாளே 'ட்ரெய்லர் விளக்கில் கோளாறு' என்று திரையில் எழுதிவிட்டு அது இறங்கவே மாட்டேன் என்றது.

வண்டி ஒயரிங் வேலை பார்க்கிறவர் வீட்டிலேயே இருந்தார். தச்சருடைய சகலை. தச்சர் மனைவியின் அக்காவைக் கட்டியவர். சகலைகளுக்குள் ஒத்துப்போவது அபூர்வம் என்பார்கள், இவர்கள் இரண்டு பேரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். ஒரே தட்டில் சாப்பிடாத குறைதான்.

அந்த அக்கா தங்கைக்கு ஒரே தம்பி. இருபத்தாறு வயதாகியும் எல்லோருக்கும் அவன் கடைக்குட்டிதான். தச்சரோடுதான் வேலை. வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மிண்ட் கிடக்கும்.

வண்டி ஓட்டுகிறவனுக்குத் தன் முதுகு தெரியாது இல்லையா? அதனால் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தச்சர் உள்ளே உட்கார்ந்து இடது விளக்கைப் போடுவார். கடைக்குட்டி பின்னால் நின்று பார்த்து, எரிந்தால் பைக் சாவியால் ட்ரெய்லர் தகரத்தில் ஒரு தட்டு. டிங். வலதுக்கு ஒரு தட்டு, பிரேக்குக்கு ஒரு தட்டு. எரியவில்லை என்றால் சத்தம் வராது. எல்லாம் சரி என்றால் கடைசியில் சேர்ந்தாற்போல டிங் டிங். போகலாம் என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்காமல் தச்சர் ஒரு நாளும் வண்டியை நகர்த்தியதில்லை.

போன வருஷம் ஒரு நாள், ஒரு கட்டிலும் அலமாரியும் போயாக வேண்டும். மறுநாள் அந்த வீட்டுக்கு ஆட்கள் குடிவருகிறார்கள். சகலை மத்தியானத்திலிருந்து ட்ரெய்லருக்கு அடியில் படுத்துக்கிடந்தார். மானமே போய்விட்டது மனிதருக்கு. ஊர் வண்டியெல்லாம் சரிசெய்கிறவர், சொந்தச் சகலை வண்டி பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. பொழுது சாயும் நேரத்துக்கு ஒரு கறுப்பு டப்பாவை ட்ரெய்லர் மூக்கில் வைத்து முடுக்கினார். திரையில் குறை மறைந்தது.

"பாத்தீங்களா? நம்ம கிட்டயா வேலை காட்டும்?" என்றார் சகலை.

முன் சீட்டு முழுக்க அலமாரிக் கண்ணாடிகள். கடைக்குட்டி பைக்கில் பின்னாலேயே வர வேண்டியதுதான். அவன் வழக்கம்போல விளக்குப் பார்க்கப் பின்னால் வந்து நின்றான்.

"நீ போய் பைக்கை எடுடா. நான் பாத்துக்கறேன்," என்று சகலை அவனை அனுப்பிவிட்டார்.

தச்சர் இடது போட்டார். பின்னாலிருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு. தப். வலது. தப். பிரேக். தப். அப்புறம் தப் தப்.

"எல்லாம் ஜோரா எரியுது சகலை. கிளம்புங்க!"

சூளை வளைவில் நல்ல மழை. நாய் ஒன்று குறுக்கே ஓடியது. தச்சர் பிரேக் போட்டார். பின்னால் ஒரு சத்தம். அலமாரி சரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். அலுத்துக்கொண்டே இறங்கிப் போனார்... ட்ரெய்லரின் முதுகில் மோதி நொறுங்கிக் கிடந்தது கடைக்குட்டியின் பைக்.

பைக்குக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் அடித்துச் சொன்னார். "இருட்டுல ட்ரெய்லர் நிக்கறதே தெரியலீங்க. ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல." மோதின மோதலில் விளக்குகள் தூள்தூளாகப் போயிருந்தன, பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

சாவு வீட்டில் எல்லோர் முன்னாலும் சகலை தச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் கண்ணால பாத்தேனே, எல்லாம் எரிஞ்சுதே! ப்ளக்கை முழுசா அழுத்தி மாட்டியிருக்க மாட்டாரு. வழியில கழண்டிருக்கும். பாவம், அவர் வேணும்னா பண்ணாரு?"

"கார்ல ஒரு குறையும் காட்டலையே..." என்றார் தச்சர்.

"கார் சொல்றதெல்லாம் வேதவாக்கா, சகலை?"

தச்சரின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அன்றிலிருந்து புருஷனோடு பேச்சு இல்லை. தட்டில் சோற்றைப் போட்டு மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். சாப்பிட வாங்க என்று ஒரு வார்த்தை கிடையாது. தச்சரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ராத்திரியெல்லாம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார். அந்தக் கை ப்ளக்கை அழுத்தியதா இல்லையா? அவருக்கே ஞாபகம் இல்லை. அவர்தான் கொன்றாரா? அது தெரியாமல் ஒரு வருஷம் தூங்காதவர் அவர்.

சரி. இப்போது அந்தப் பதினொன்றரை மணிக்கு வாருங்கள்.

தச்சர் எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. பட்டறைக்குள் வண்டியைப் பின்னோக்கி எடுத்தார். சுவரை நெருங்கினால் பீப் பீப் என்று கத்துகிற கார், அன்றைக்கு மூச்சு விடவில்லை. ட்ரெய்லர் மாட்டியிருக்கும்போது மட்டும்தான் அது அப்படிச் சும்மா இருக்கும். பின்னால் இருப்பது சுவர் இல்லை, நம் ஆள்தான் என்று அதற்கு நினைப்பு.

பட்டறை மூலையில் அந்த ட்ரெய்லர் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ஒரு வருஷமாக யாரும் தொடவில்லை. தார்ப்பாயின் ஒரு ஓரம் மட்டும் லேசாக விலகியிருந்தது... பெப்பர்மிண்ட் வாசனை அங்கிருந்துதான் வந்தது.

"என்னடா சொல்ல வர்ற?" என்று வாய்விட்டுக் கேட்டார் தச்சர். பயம் போய் அழுகை வந்துவிட்டது அவருக்கு.

ஒயரை இழுத்துக் காரில் செருகினார். க்ளிக் என்று கேட்கும்வரை அழுத்தினார். போய் உட்கார்ந்தார்.

இடது. பின்னால் சத்தம் இல்லை.

வலது. சத்தம் இல்லை.

பிரேக்... காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை.

திரையைப் பார்த்தார். ட்ரெய்லர் இணைக்கப்பட்டுள்ளது. அவ்வளவுதான். கோளாறு என்று ஒரு வார்த்தை இல்லை. நல்லது, எல்லாம் எரிகிறது என்று நினைத்தார். நினைத்தவர் அப்படியே உறைந்துபோனார்.

எது எரிகிறது? பின்னால் விளக்கே கிடையாதே!

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். இரண்டு பக்கமும் வெறும் ஓட்டை. உடைந்த சிவப்புச் சில்லுகள்கூட அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. இல்லாத விளக்கு எரிகிறது என்று கார் சாதிக்கிறது. ஒரு பல்பு மங்கினாலே ஒப்பாரி வைக்கிற கார்!

கறுப்பு டப்பாவைத் திறந்தார். கருகிய தூசி நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே வெள்ளையாய், விரல் கனத்தில் சில பீங்கான் கட்டிகள். ரெசிஸ்டர் என்பார்கள். தொட்டால் சுட்டது. காரிலிருந்து வருகிற ஒயர்கள் அந்தக் கட்டிகளோடு முடிந்துபோயின. விளக்குக்கான கரண்ட்டை அவை தின்றுவிடும். கார் ஏப்பச் சத்தத்தைக் கேட்டு, விளக்கு சாப்பிட்டுவிட்டது என்று நம்பிக்கொள்ளும். விளக்குக்குப் போக வேண்டிய ஒயர்கள் தனியாக, வெட்டி, நுனியில் டேப் சுற்றி, ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன.

கழன்றது இல்லை. அறுந்தது இல்லை. வெட்டியது. அந்த டேப்பை அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றுகிற கை ஒன்றுதான் உண்டு.

அப்படியானால் அந்த விளக்குகள் அன்றைக்கு ஒரு நொடிகூட எரியவில்லை. சகலைக்கு அது தெரியும். தெரிந்தும் பின்னால் நின்று, இருட்டைப் பார்த்துக்கொண்டே தட்டினார். தப், தப், தப். தோளைப் பிடித்து அழுத கையும் அதே கைதான். எதிரி செய்திருந்தால் தாங்கியிருப்பார். தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நிமிர்ந்தபோது வாசலில் மனைவி நின்றாள். அவர் டார்ச்சை டப்பாமேல் பிடித்தார். அவள் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் சகலை வந்தார். அவள்தான் போன் பண்ணி வரச்சொன்னது. அவரும் ஒரு புதுக் காரில்தான் வந்திருந்தார். அதில் கொக்கியும் இல்லை, ப்ளக் செருகுகிற இடமும் இல்லை. பட்டறைக்குள் நுழைந்தவர் திறந்திருந்த டப்பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"நீங்க அவசரப்படுத்தினீங்க சகலை," என்றார். "எங்கேயோ ஒரு ஒயர் உரசிக்கிட்டே இருந்துது, கண்டுபிடிக்க முடியல. அன்னைக்கு ஒரு ராத்திரிதானேன்னு... மறுநாள் சரி பண்ணிக் குடுத்திருப்பேன்..."

"தட்டினீங்களே," என்றார் தச்சர்.

சகலை வாசல் பக்கம் திரும்பினார்.

"என் தம்பியை வேற அனுப்பிட்டுத் தட்டினீங்களா அத்தான்?" என்றாள் தச்சரின் மனைவி. "ஒரு வருஷமா இந்த மனுஷனை நான் கொன்னுட்டு இருந்தேனே..."

சகலை விறுவிறுவென்று போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார். இரண்டு பேரும் பட்டறை வாசலில் நின்று பார்த்தார்கள். கார் பின்னோக்கி வந்து நின்றது. பிரேக் போட்டிருக்கிறார். ஆனால் பின்னால் சிவப்பே இல்லை. ஒரு பக்கமும் எரியவில்லை. கார் இருட்டோடு இருட்டாக நின்றது. கண்ணாடி வழியாகத் திரை வெளிச்சத்தில் சகலையின் முகம் தெரிந்தது. எதையோ படித்துவிட்டு வாய் பிளந்திருந்தது.

டிங்.

சகலை கண்ணாடியை இறக்கினார். "யாரு தட்டினது?"

தச்சரின் கைகள் சட்டைப் பையில் இருந்தன. அவர் மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். லேசாகப் பெப்பர்மிண்ட் வாசனை வந்தது.

இருட்டைப் பார்த்துக் கடைக்குட்டி தட்டியதே இல்லை, உயிரோடு இருந்தபோதும் சரி, போனபிறகும் சரி. அன்றைக்குத் தட்டினான். டிங்... டிங்... கடைசியில், சேர்ந்தாற்போல, டிங் டிங்.

போகலாம்.

கார் சீறிக்கொண்டு தெருவில் இறங்கியது. முனையில் திரும்பும்போதும் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. சூளை ரோட்டுப் பக்கம் போனது. மழை பிடிக்க ஆரம்பித்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். தச்சர் வாயைத் திறந்தார்.

அவர் மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"உள்ள வாங்க," என்றாள். "சாப்பிடலாம்."