ஒன்பதாவது கேள்விக்கு விட்ட இடம்

எனக்குப் பீட்ரூட் சாறு வைக்கக் கை வராது. புளிப்பு ஏறிவிடும், இல்லையென்றால் கொதி தாண்டி நிறம் செத்துவிடும். எங்கள் வீட்டில் அதை வைத்தது என் கணவன் கோஸ்தெக்தான். அவன் போன பிறகு நான் பீட்ரூட் வாங்குவதில்லை. உங்கள் கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை என்று தெரியும். இருந்தாலும் இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்கு எழுத வருகிறது.

கட்சியின் வரலாற்றுக் குழுவிலிருந்து பன்னிரண்டு கேள்விகள் அனுப்பியிருக்கிறீர்கள். எழுத்தைப் பார்த்தால் சின்ன வயது என்று தோன்றுகிறது. முதல் எட்டுக்கும் ஒவ்வொரு வரியில் எழுதிவிட்டேன். வூச் நகரத்தில் எந்த நெசவாலை, எத்தனை தறி, குழுவில் எத்தனை பேர், எந்தத் துண்டறிக்கை. ஒன்பதாவது கேள்வி இது: தண்டிக்கப்பட்டவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டாரா? அந்தத் தண்டிக்கப்பட்டவர் என் கணவன். அப்போது எங்களை ஆண்ட ரஷ்ய ஜாரின் காவலர்களுக்குக் குழுவைக் காட்டிக்கொடுத்தான் என்று கட்சி அவனைச் சுட்டது. இப்போது அவன் தங்கை மகள் உங்களிடம் மனு கொடுத்திருக்கிறாளாம், மாமன் பெயரைத் துடைத்துத் தரச் சொல்லி. ஜார் ஆட்சி போய், எங்களுக்கென்று நாடு வந்து பத்து வருடமாகிறது. இப்போது துடைக்கலாம் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது.

பதிலுக்கு ஒரு விரல்கட்டை அளவு இடம் விட்டிருக்கிறீர்கள். அது போதாது. தனித்தாளில் எழுதுகிறேன்.

எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் செவெரின். வார்சா பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்டு எங்கள் பின்னறைக்குக் குடிவந்தார். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பத்து வருடம் தறியடியில் நின்றிருந்தேன்; என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. ஒரு குளிர்காலம் முழுக்கக் கட்சியின் துண்டறிக்கையை வைத்துக்கொண்டே எழுத்துக்கூட்ட வைத்தார். கடவுள், ஜார், முதலாளி மூவரும் ஒரே மேலங்கியை முறைவைத்துப் போட்டுக்கொள்பவர்கள் என்பார். எனக்கு அது பளிச்சென்று புரிந்தது. அதற்கு முன் யாரும் எனக்குப் புரியும்படி எதையும் சொன்னதில்லை. கட்சியைப் பற்றி இன்று எவ்வளவு கசப்பாகப் பேசினாலும் இதை மறுக்க மாட்டேன்: என்னை ஆளாக மதித்த முதல் இடம் அது. அதனால்தான் அது கேட்டதையெல்லாம் கொடுத்தோம்.

அடுத்த இலையுதிர்காலத்தில் குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். நோன்பு கிடையாது, பண்டிகை கிடையாது. மக்களை மண்டியிட வைத்திருக்கும் பழக்கம் எதுவும் உறுப்பினர் வீட்டில் இருக்கக்கூடாது. முதலில் எழுந்து நின்று உறுதி சொன்னவள் நான். செவெரின் மற்றவர்களிடம், "தோழர் அப்பொலோனியாவைப் பாருங்க. ஆம்பளைங்க நாம இன்னும் பாதி வழியிலதான் நிக்கறோம்" என்றார். அந்த வாக்கியத்தை நான் பல நாள் தறியோசைக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கோஸ்தெக்கும் உறுப்பினன்தான். ஆனால் அவனுக்கு எதிலும் விளையாட்டு. "பண்டிகைய விட்டுடறேன் தோழர். கசகசா ரொட்டிய மட்டும் புரட்சி விட்டு வெக்கட்டும்" என்றான். சாயப்பட்டறை ஹிப்போலித்கூடச் சிரித்துவிட்டார். செவெரின் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

வார்சாவிலிருந்து வந்த விதிகள் இன்னும் இரண்டு உண்டு. காவல்காரனோடு ஒரே மேசையில் உண்டவன் காட்டிக்கொடுப்பவன். சந்தேகத்துக்கு உள்ளானவனைக் கூப்பிட்டு விசாரிக்கக்கூடாது. விசாரித்தால் உஷாராகி ஓடிவிடுவான், மற்றவர்களைச் சாட்சியாக வைத்து முடிவெடுக்க வேண்டும். நியாயமான விதி என்றுதான் நினைத்தேன். பெரிய இயக்கம் வேறு எப்படி நடக்கும்?

அந்த டிசம்பரில் செவெரின் வார்சாவுக்குப் போயிருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆலையை இரண்டு மணிக்கே நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் துடைக்கும் முறையில் இருந்த பெண்களுக்கு மட்டும் இருட்டும்வரை வேலை. எங்கள் வீட்டில் மேசைமேல் வெள்ளைத்துணி விரிக்கப்பட்டது. துணிக்கடியில் பண்டிகை வழக்கப்படி ஒரு பிடி வைக்கோல். கோஸ்தெக் சாறு வைத்தான். அடுப்பை விட்டு அசையவில்லை. மேசையில் தட்டுகள் மூன்று வைக்கப்பட்டன. இருவர் இருக்கும் வீட்டில் மூன்றாவது எதற்கென்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அந்த மாலை முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகு யார் கதவைத் தட்டினாலும் அந்தத் தட்டு அவருக்கு. திருப்பி அனுப்பினால் அந்த வருடமே வீட்டில் சோறு தங்காது என்பார்கள்.

நட்சத்திரம் தெரிந்து கொஞ்ச நேரத்தில் தட்டும் சத்தம். கதவு திறக்கப்பட்டது. தெருமுனையில் காவல் நிற்கும் ரஷ்யக்காரன். விளக்கு அணைந்துவிட்டது, நெருப்பு வேண்டும் என்றான். கையுறையில் இரண்டு விரல் வெளியே தெரிந்தது.

கோஸ்தெக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். "உள்ள வா. தட்டு வெச்சாச்சு. இனிமே உன்ன அனுப்பினா பாவம் எங்களுக்கு" என்றான்.

"எனக்கு இன்னிக்குப் பண்டிகை இல்லையே" என்றான் அவன். ரஷ்யர்களின் நாள்காட்டி பன்னிரண்டு நாள் பின்னால் ஓடியது.

"அதுக்கென்ன, உங்க ஜாருக்கு எல்லாமே லேட்டாத்தான் தெரியும். பசி உனக்கு இன்னிக்கா, பன்னெண்டு நாள் கழிச்சா?"

அவன் வாளைக் கழற்றி மூலையில் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தான். அந்த மாலை நாங்கள் பிட்டுப் பகிரும் மெல்லிய அப்பத்தைக் கொடுத்ததும் அதை என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான். மீனும் சாறும் சாப்பிட்டான். அரசியல் எதுவும் பேசவில்லை. பெயர் யெஃபீம் என்றான், ஊரில் குதிரை இருக்கிறது என்றான். போகும்போது கோஸ்தெக் கசகசா ரொட்டியில் பாதியைத் துணியில் சுற்றிக் கொடுத்தான். படிக்கட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்த ஹிப்போலித், அந்தத் துணிப்பொட்டலத்தோடு இறங்கிய காவல்காரனைப் பார்த்துவிட்டு, எங்கள் கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார்.

ஜனவரியில் சாயப்பட்டறையின் நிலவறையைச் சோதனை போட்டார்கள். துண்டறிக்கைகள் எல்லாம் போயின. நூல் சுற்றும் பிரிவில் இரண்டு பெண்களைப் பிடித்தார்கள். அதற்குள் வார்சாவிலிருந்து திரும்பியிருந்த செவெரின், ஹிப்போலித், நான் மூவரும் அடுத்த நாளே கூடினோம். கோஸ்தெக்கைக் கூப்பிடவில்லை. ஹிப்போலித் தான் பார்த்ததைச் சொன்னார். செவெரின் என் பக்கம் திரும்பினார். "தோழர், நீங்க அன்னிக்குச் சாயந்திரம் வீட்ல இருந்தீங்களா?"

அவர் குரலில் மரியாதை இருந்தது. என்னை அவர் சந்தேகிக்கவே இல்லை.

"இல்ல. எனக்குத் துடைக்கிற முறை. வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது" என்றேன்.

மூன்று வாக்கும் ஒன்றாக விழுந்தன. செவெரின் எழுந்து என் கையைப் பற்றிக் குலுக்கினார். உங்கள் ஆண்டு மலரில் "கொள்கைக்குக் கணவனையே கொடுத்த தோழர்" என்று போடுகிறீர்களே, அது இந்த இடம்.

துடைக்கும் முறை எனக்கு அதற்கு முந்தின வாரம். வெள்ளைத்துணியை விரித்தது நான். வைக்கோலைப் பக்கத்து லாயத்திலிருந்து சால்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது நான். மூன்றாவது தட்டை வைத்தது நான். "வேண்டாம் போலா, கட்சிக்கு வாக்குக் கொடுத்திருக்க" என்று கோஸ்தெக்தான் சொன்னான். வீட்டில் அவனுக்கு நான் போலா. கதவைத் திறந்ததும் நான்தான். இதைச் சொல்லியிருந்தால் என்னைச் சுட்டிருக்க மாட்டார்கள். பழைய பழக்கம் விடாத பெண்பிள்ளை என்று செவெரின் ஒருமுறை சிரித்திருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும். அந்தச் சிரிப்பை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிடிபட்ட பெண்களில் ஒருத்தி மார்ச்சில் விடுதலையாகி வந்தாள். விசாரணை அதிகாரி அவள் முன்னால் ஒரு சின்னக் குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டாராம். நிலவறையின் அடையாளமும் அந்த இரண்டு பெண்களின் பெயர்களும் அதில் பென்சிலில் இருந்தனவாம். வார்சாவில் ஒரு விடுதி அறையில் கிறிஸ்துமஸுக்கு முன்பே காவலர்கள் எடுத்தது. கையெழுத்து செவெரினுடையது. எனக்கு எழுத்துப் பழக்கிய கை, அவள் விவரித்த எழுத்துச் சுழியிலேயே தெரிந்துகொண்டேன். ஆக, அன்று என் கையைக் குலுக்கியபோது அவருக்கும் தன் குறிப்பேடு காணாமற்போனது தெரியும். நான் அவரைக் கேட்டதில்லை. அவரும் என்னைக் கேட்டதில்லை. சைபீரியா போய்த் திரும்பினார். இன்று நாடாளுமன்றத்தில் இருக்கிறார். ஒவ்வொரு மே தினத்துக்கும் எனக்குப் பூ அனுப்புகிறார். வாங்கி வாளியில் போடுவேன்.

இனி உங்கள் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பூசைக்குப் போயிருக்கும் நேரம். நகரத்துக்கு வெளியே பழைய செங்கல் சூளையில் துண்டறிக்கை ஒளித்திருக்கிறது, எடுத்துவர வேண்டும் என்று கோஸ்தெக்கிடம் சொன்னேன். அவனை அழைத்து வருவது என் பொறுப்பாக இருந்தது. குளிர் கடுமை. கழுத்துத்துணியை நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டேன். வழியில் ஒரே ஒருமுறை சறுக்கினான். "புரட்சிக்கு நல்ல பூட்ஸ் வேணும் போலா, அத முதல்ல தீர்மானத்துல எழுதச் சொல்லு" என்றான்.

சூளைக்குள் ஹிப்போலித் நின்றிருந்தார். கையில் துப்பாக்கி. கோஸ்தெக் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஹிப்போலித் நல்ல மனிதர். விசாரிக்கக்கூடாது என்ற விதியை மீறி ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தக் காவல்காரனுக்குக் கதவத் திறந்தது யாரு?"

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். தறிக்கூடத்தில் நூறு தறி ஒன்றாக ஓடும்போது காது எதற்கும் உதவாது. நெசவாளிகள் சத்தமே இல்லாமல் உதட்டால் பேசிக்கொள்வோம். கூடத்தின் அந்தக் கோடியில் இருப்பவள் சொல்வதை இந்தக் கோடியில் படிப்போம். ஹிப்போலித் சாயக்காரர். அவருக்கு அது தெரியாது.

கோஸ்தெக் என் முகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தான். "சொல்லு, போலா."

தெளிவாகப் படித்தேன். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடும் நேரம் காத்திருந்தான். நான் ஹிப்போலித்தின் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரங்களில் நீலச்சாயம் ஏறியிருந்தது. மறுபடி ஒருமுறை உதடு அசைந்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. அந்த முறை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, அதனால் என்ன சொன்னான் என்று தெரியாது.

பிறகு சத்தமாகச் சொன்னான். "நான்தான் அண்ணே. தட்டு வெச்சதும் நான்தான், கூப்பிட்டு உட்கார வெச்சதும் நான்தான். போலா வீட்லயே இல்ல."

நான் குழுவில் என்ன சொன்னேன் என்று அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. எப்படி அதையே சொன்னான் என்று நாற்பது வருடமாக யோசிக்கிறேன். என்னை அவனுக்கு நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

ஹிப்போலித் ஒரு முறைதான் சுட்டார். மாதா கோவில் மணி அப்போதுதான் அடித்தது. அவர் பிற்பாடு குடித்தே செத்தார். சாகும்வரை என்னைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவார்.

திரும்பப் படித்துப் பார்த்தேன். உங்களுக்குத் தேவையில்லாத விஷயம் நிறைய வந்துவிட்டது. இந்தத் தாள்களை உங்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று படுகிறது. அவன் தங்கை மகளுக்கும் பழசைக் கிளறுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதுதான் முறை. நீங்கள் விட்டிருந்த இடமே போதுமானதாக இருந்தது. அதில் இப்படி எழுதியிருக்கிறேன்:

ஆம். தானே, சத்தமாக, ஒப்புக்கொண்டார். சாட்சிகள் இருவர்.