அரைக் கட்டை

பாடகர்களுக்கு என்னைப் பிடிக்கும். ஒத்திகைக்கு முன்னதாகவே வந்து, இருக்கையின் உயரத்தைத் திருகிச் சரிசெய்து, விரல்களைச் சூடாக்கிக்கொண்டு காத்திருப்பேன். இந்தப் பல்கலைக்கழகத்தின் இசைப் பள்ளியில், பாட்டு மாணவர்களுக்குப் பியானோ வாசிப்பது என் வேலை.

மாணவி மாரென் ஹால்வர்சனின் குரலை, அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் லொரெய்ன் புரூயிட் கெடுத்துவிட்டார் என்ற புகாரை விசாரிக்கிறீர்கள். அது நியாயமில்லை. அவர் எதுவும் செய்யவில்லை, நான்தான் செய்தேன். வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன். எங்காவது மிகைப்படுத்தினால் தடுத்துக் கேளுங்கள், எனக்கு அந்தப் பயம் உண்டு.

ஆரம்பம் நல்லெண்ணம்தான். போன வருடத் தேர்வன்று மாரெனுக்குச் சளி. அவளிடம்கூடச் சொல்லாமல் பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கி வாசித்தேன். உச்ச சுரம் சுகமாக வந்தது. எதிரே நான்கு பேராசிரியர்கள். அவர்களில் புரூயிட், தன் வீட்டு ஃப்ரிட்ஜ் எந்தச் சுருதியில் முனகுகிறது என்று சொல்லக்கூடியவர். விருந்துகளில் சொல்லியும் விடுவார். அன்று மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? என்னோட மூச்சுப் பயிற்சி பண்ற வேலை இது."

எனக்குச் சந்தேகம் வந்தது. இறக்கியது அவர்கள் காதில் விழவில்லை, ஏற்றினால் விழுமா? ஒருநாள் செய்து பார்த்து முடிவுக்கு வருவது முறையல்ல. ஒரே ஆள், ஒரே பாட்டுகள், மெதுவான மாற்றம் வேண்டும். வசந்தத்தில் மாரெனுக்குப் பட்டப்படிப்பின் இறுதிக் கச்சேரி. அதைக் கேட்க ஓர் ஓபரா அரங்கிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வேலை நிச்சயம். தினமும் ஒழுங்காக ஒத்திகைக்கு வருவாள் என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்தேன்.

இலையுதிர் காலத்தில் அரைக் கட்டை ஏற்றினேன். இங்கே அயோவாவில் பனி விழத் தொடங்கியதும் இன்னொரு அரை.

"வெண்டல், தனியாப் பாடினா பூ மாதிரி வருது. உன் பக்கத்துல நின்னா தொண்டை இறுகிப் போகுது. நான் என்ன லூசா?" என்றாள் மாரென்.

"பயம்தான். எல்லாருக்கும் வர்றதுதான்," என்றேன். பயம் எல்லோருக்கும் வருவது உண்மை.

வகுப்பில் புரூயிட் அவள் விலாவை அமுக்கிப் பார்த்தார். "தொண்டையால பாடாதே கண்ணு, வயித்துலேருந்து பாடு. வெண்டலைப் பாரு, எவ்வளவு நிதானமா இருக்கான்."

பிறகு அவளை மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். மேடைப் பயத்துக்கு வாழைப்பழம் நல்லது என்றார் ஆலோசகர். அவளும் சாப்பிட்டாள். வாழைப்பழம் சுருதியை இறக்குவதில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். யோசிக்காமல் இல்லை. ஆனால் பாதியில் விட்ட சோதனை எதையும் நிரூபிக்காது.

கச்சேரியின் கடைசிப் பாட்டுக்கு மூன்றாவது அரையையும் சேர்த்தேன். உச்சத்தில் அவள் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. குரல் நாணில் இரத்தக் கசிவு என்றார் மருத்துவர். ஓபரா அரங்கின் ஆட்கள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓசையில்லாமல் வெளியேறினார்கள். நான்கு பேராசிரியர்களும் கூடிப் பேசியதை நான் கேட்டேன்.

"சுருதி கொஞ்சம் இறங்கியே இருந்துச்சு. அதான் பிரச்சனை," என்றார் புரூயிட். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாரென் நெடுநாள் பேசக் கூடாது என்றிருந்தது. நான் சூப் வாங்கிக்கொண்டு போவேன். பேச அனுமதித்ததும் அவள் முதலில் பேசியது என்னிடம்தான்.

"எல்லாரும் ஓடிட்டாங்க வெண்டல். நீ மட்டும்தான் இருக்கே."

பழி தீர்த்தேனா என்று கேட்டீர்கள். இல்லை. அவள் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. அவள் குரலில் மேல் பாதி திரும்பாது என்கிறார்கள். அதனால் அவள் பாட்டுகளையெல்லாம் இறக்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை ஊர் நூலகத்தில் பாடுகிறாள், நான் வாசிக்கிறேன். நடந்ததை அவளிடம் சொல்வதானால் அதற்குப் பிறகு சொல்லுங்கள். நிகழ்ச்சி கெட்டுவிடக் கூடாது.

நேற்று ஒத்திகையைக் கேட்டவர்கள் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அவள் அவ்வளவு மெல்லப் பாடுவதால், கடைசி வரிசை வரைக்கும் பியானோ தெளிவாகக் கேட்கிறதாம்.