என் பெயரைக் கொடுத்தவர்கள்

கலை நிர்வாகம் என்றால் என்ன படிப்பு என்று என் அம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை. கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்கள் எல்லாம் அதைப் படித்துவிட்டா போடுகிறார்கள் என்று கேட்பார். நான் சிரித்துவிடுவேன். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பாடுகிறவர் பாட வேண்டும், கேட்கிறவர் கேட்க வேண்டும். நடுவில் மைக், நாற்காலி, மின்சாரம், சாப்பாடு, தகராறு எல்லாவற்றையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் வெளியே தெரியக் கூடாது. அவ்வளவுதான் எங்கள் தொழில்.

சத்தியப்பிரியாவைக் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன், இன்ஸ்பெக்டர். ஆனால் அதை மட்டும் தனியாகச் சொன்னால் தவறாகப் புரிந்துகொள்வீர்கள். முதலிலிருந்து சொன்னால்தான் சரியாக வரும்.

இந்தக் கண்டனூர் வீடு சொக்கலிங்கம் அண்ணன் குடும்பத்துடையது. அவர்கள் கோலாலம்பூரில் இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளில் வீடு பூட்டிக் கிடக்கிறதே என்று இங்கே ஒரு கலை மையம் தொடங்கி, நிர்வாகியாக என்னை வைத்தார்கள். மாசியில் பெரிய விழா நடத்துவோம். ஊரே வரும். வீட்டின் முதல் கட்டு, இரண்டாம் கட்டு என்று எந்தப் பகுதியிலும் நிற்க இடம் இருக்காது. விழா முடிந்து பந்தல்காரர் கடைசிக் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போனதும், இந்தத் தெருவில் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆள் கிடையாது. அது உங்களுக்கே தெரியும்.

அதனால்தான் மாணவர்களை எடுத்தேன். முதுகலையில் கலை நிர்வாகம் படிக்கிறவர்கள் கடைசிப் பருவத்தில் எங்காவது பயிற்சி எடுக்க வேண்டும். பல ஊர்களிலிருந்து இங்கே வந்தார்கள். மேடம் என்று கூப்பிடக் கூடாது, அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்று வந்த அன்றே சொல்லிவிடுவேன். மாடியில் அறை, என் சமையல். ராத்திரி முற்றத்தில் உட்கார்ந்து அடுத்த விழாவைப் பற்றிப் பேசுவோம். அந்த மாதங்களில் நான் நன்றாகத் தூங்குவேன்.

முதலில் வந்தவன் கோபிநாத். பயிற்சி முடியும் முன்பே கோவாவில் ஒரு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. நான்தான் அவனைப் பற்றி நல்லபடியாகச் சொன்னேன். போனான். முதல் வாரம் பேசினான். பிறகு பொங்கலுக்கு ஒரு படம் அனுப்பினான். பிறகு அதுவும் இல்லை. நான் கோபித்துக்கொள்ளவில்லை. அனுபவம் என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கள் துறை மிகச் சின்னது. எங்கே விண்ணப்பித்தாலும், இதற்கு முன் யாரிடம் வேலை பார்த்தாய், அவர் எண் என்ன என்று கேட்பார்கள். பிள்ளைகள் என் பெயரைக் கொடுப்பார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேறு பெயரும் இல்லை. நேரே எனக்குப் போன் வரும்.

ராஜப்ரியா இங்கே இருந்தபோது அப்படி ஒரு போன் வந்தது. பெங்களூரில் ஒரு நாடக அரங்கத்திலிருந்து. அவள் அப்போதுதான் எனக்குக் காபி வைத்துவிட்டுப் போயிருந்தாள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே சரியாகப் போடுவாள். வேலை எப்படி என்று அந்த மனிதர் கேட்டார். அருமையான வேலை என்றேன். அது உண்மை. பிறகு, "மனசுதான், கொஞ்சம் பாத்துக்கணும்" என்றேன். அப்படியென்றால் என்னவென்று கேட்டார். "அதை நான் சொல்றது நல்லா இருக்காது" என்றேன். அதுவும் உண்மைதான். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

வேலை கிடைக்கவில்லை. ராஜப்ரியா இரண்டாம் கட்டுத் தூணில் சாய்ந்து அழுதாள். நான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன். இன்னும் ஒரு வருடம் இருந்துவிட்டுப் போ என்றேன். இருந்தாள். ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ள எவ்வளவு சின்ன வாக்கியம் போதும் என்று அன்றுதான் தெரிந்தது. அடுத்த வருடமும் வேறு இடங்களிலிருந்து போன் வந்தது. நானும் அதையேதான் சொன்னேன். கடைசியில் அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்க் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்.

சரவணகுமாருக்கு வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்கு மனசில் குறை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் சென்னையிலிருந்து கேட்டவர்களிடம், "பொம்பளப் பிள்ளைக ஆடுற எடத்துல மட்டும் தனியா விடாதீக" என்றேன். ஒரே ஒரு முறைதான். எங்கள் துறையில் ஒரு முறை போதும். அவன் எந்தப் பெண்ணையும் நிமிர்ந்து பார்த்ததில்லை. விழா நேரத்தில் ஆடவந்த பிள்ளைகளுக்கு ஒப்பனை அறை வாசலில் முதுகைத் திருப்பிக்கொண்டு காவல் நிற்பான்.

இப்போது புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறான். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். தலையெல்லாம் தவிடு. ஓடி வந்து கும்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நான் எங்குட்டாச்சும் தப்புப் பண்ணிட்டேனா? ஒரு எடத்துலயும் கூப்புடவே மாட்டேங்குறாங்க. நேர்ல போனாக்கூட மொகத்தப் பாத்துப் பேச மாட்டேங்குறாங்க."

"இந்தத் தொழிலே அப்படித்தான் தம்பி" என்றேன். "நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

"நீங்க இருக்கீகளேன்னுதான்க்கா தைரியமா இருக்கேன்" என்றான்.

பாருங்கள், அவனுக்கு என்மேல் வருத்தமே இல்லை.

உங்கள் முகம் மாறுகிறது. நான் படித்து முடித்தபோது எனக்கும் இதேதான் நடந்தது. டெல்லி, மும்பை, சென்னை என்று எங்கெங்கோ எழுதிப்போட்டேன். ஓரிடத்திலும் கூப்பிடவில்லை. என் பேராசிரியர் பெயரைத்தான் கொடுத்திருந்தேன். அவர் என்னைத் தன் அலுவலகத்திலேயே பல வருடம் வைத்துக்கொண்டார். அவர் யாரிடம் என்ன சொன்னார் என்று நான் தோண்டிக் கேட்கவில்லை. நன்றாகத்தானே இருக்கிறேன்.

சத்தியப்பிரியா நெற்குப்பைப் பெண். அப்பா தங்கச்சாமி, விவசாயம். இப்போது வெளியே உங்கள் ஜீப் பக்கத்தில் நிற்கிறாரே, அவர்தான். இவளைப் போல் ஒரு பிள்ளை எனக்கு வாய்த்ததில்லை. இந்த மாசி விழாவில் எதிர்பாராமல் மழை கொட்டியது. ஆயிரம் பேர் பந்தலில். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன். அவள் ஒரு வார்த்தை பதறவில்லை. பாட்டுக்காரரை உள்ளே முற்றத்தைச் சுற்றியிருக்கிற பத்திக்கு மாற்றி, கூட்டத்தை மூன்று வாசல் வழியாகப் பிரித்து விட்டு, சமையல்காரர்களிடம் சொல்லி எல்லோருக்கும் சுக்குக் காபி கொடுக்க வைத்தாள். அந்த மழைச் சத்தத்தோடு நடந்த கச்சேரியைத்தான் இன்றும் ஊரில் பேசுகிறார்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், எனக்குப் பிறகு இந்த வீட்டை இவள்தான் பார்க்க வேண்டும் என்று. அவளிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது.

அவள் சில இடங்களுக்கு விண்ணப்பித்தாள். போன் வந்தது. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்தது, கொச்சியைத் தவிர. அங்கே பொறுப்பில் இருந்த பெண்மணி அந்த மழைக் கச்சேரிக்கு வந்திருக்கிறார். கண்ணால் பார்த்ததற்கும் நான் சொன்னதற்கும் பொருந்தவில்லை என்று சத்தியப்பிரியாவிடமே கேட்டுவிட்டார். வேலையையும் கொடுத்துவிட்டார். இந்தத் தொழிலில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள். நாகரிகமான செயல் இல்லை.

மத்தியானம் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை.

"அக்கா, எனக்கு அடிக்கடி புத்தி பேதலிச்சுப் போகும்னு சொன்னீகளா?"

"அப்படியே சொல்லல."

"எப்படிச் சொன்னீக?"

நான் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஒவ்வொன்றாகக் கூடிவருவது எனக்குத் தெரிந்தது.

"ராஜப்ரியா அக்காவுக்கும் இதேதானா? சரவணகுமார் அண்ணனுக்கு என்ன சொன்னீக? அந்தாளு ஒங்க படத்தப் பர்சுல வச்சிருக்காருக்கா."

"போற எடத்துல யாரும் ஒன்ன இப்படிப் பாத்துக்க மாட்டாக, பிரியா."

"நான் அவுக எல்லாத்துக்கும் சொல்லப்போறேன்" என்றாள். "போலீசு, கேசுன்னு போகல. ஆனா, நாம தப்புப் பண்ணல, நம்மகிட்ட ஒரு கொறையும் இல்லன்னு அவுகளுக்குத் தெரியணும்ல. எத்தன வருசமா கண்ணாடியப் பாத்து யோசிச்சுக்கிட்டு இருப்பாக."

மறுநாள் எர்ணாகுளம் ரயிலுக்குச் சீட்டு எடுத்திருந்தாள். பெட்டி கட்டியாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அன்றே கிளம்பிப் போயிருப்பார்கள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. மேடை விளக்குகளும் ஒலிப்பெட்டிகளும் அவள் பொறுப்பில் இருந்தன. "எல்லாத்தையும் ஒழுங்கா ஒப்படைச்சிட்டுப் போயிடுறேன்" என்றாள். அவ்வளவு கோபத்திலும் வேலையில் சுத்தம். எனக்குப் பெருமையாக இருந்தது.

விளக்குகள் மூன்றாம் கட்டில் சாமான் அறையில் இருக்கின்றன. கல்யாணப் பாத்திரங்களை அடுக்கி வைக்கிற அறை. பர்மாத் தேக்குக் கதவு, இரண்டு முழம் கனமான சுவர். பின்பக்கம் ஜன்னல் கிடையாது. உள்நடையைப் பார்த்து ஒரு சின்னக் கம்பி ஜன்னல், அதற்கும் மரக்கதவு. காவலாளி ஐயனார், தன் பேத்தி காதுகுத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்று காலையிலேயே அவரை, ஒரு வாரம் இருந்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருந்தேன். அது தற்செயல் என்றுதான் அப்போது நினைத்தேன். சத்தியப்பிரியா போனை அலுவலகத்தில் சார்ஜில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் கடைசி விளக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கதவைச் சாத்தினேன்.

பூட்டியதும் எனக்குள் ஒரு அமைதி வந்தது. பந்தல் நின்று, விளக்கு எரிந்து, எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும்போது வருமே, அந்த மாதிரி.

ரயில் போகட்டும், கொச்சிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும், பிறகு நிதானமாகப் பேசலாம் என்பதுதான் திட்டம். பட்டினி போடவில்லை. ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்தேன், தண்ணீர் கொடுத்தேன். முதலில் கெஞ்சினாள். "அக்கா, நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன், கதவத் தொறங்க" என்றாள். நம்பும்படி இல்லை. பிறகு பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கதவில் அடித்தாள். அந்தச் சத்தம்தான் கொஞ்சம் தொந்தரவு.

அந்த நேரம் பார்த்துத் தங்கச்சாமி வந்துவிட்டார். அவர் வெயிலில் வருவதை மாடியிலிருந்து பார்த்துவிட்டு, முற்றத்து ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் போட்டேன். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

"டீச்சரம்மா, எம் மகளுக்குப் போன் போக மாட்டேங்குது. ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தான போனா?"

"சொல்லிட்டுத்தான் போனா. புது எடம், வேல இருக்கும். கூப்புடுவா."

"இல்ல, தெனமும் பேசிருவா. அவ அம்மா ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்குறா." கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். "என்னம்மா, பாட்டு இம்புட்டுச் சத்தமா வச்சிருக்கீக?"

"ஸ்பீக்கர் சரியா இருக்கான்னு சோதிக்கிறோம்."

"உள்ளுக்குள்ள ஏதோ தாளம் தட்டுறாப்புல கேக்குது."

"தவில்" என்றேன்.

அவர் மோரைக் குடித்துவிட்டு, அவள் பேசினால் சொல்லுங்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அப்புறமும் போன் வராமல்தான் உங்களிடம் வந்திருக்கிறார் போலிருக்கிறது.

அன்றைக்கு அவளுக்கு அப்பா குரல் கேட்டிருக்க வேண்டும். நான் ஜன்னலைத் திறந்தபோது தண்ணீர்ச் சொம்பை என் முகத்தில் எறிந்தாள். இதோ, புருவத்தில் காயம். அதனால் அன்று மறுபடி தண்ணீர் கொடுக்கவில்லை. மறுநாளும் கொடுக்கவில்லை. தண்டனை என்று இல்லை. கோபம் தணியட்டும் என்றுதான். கத்திரி வெயில், அந்த அறையில் காற்றும் வராது, சீக்கிரம் சோர்ந்துவிடுவாள் என்று தெரியும். சோர்ந்தால்தான் பேச்சு காதில் ஏறும். ஜன்னல் கதவையும் மூடிவைத்தேன், திறந்தால் கத்துகிறாள் என்று.

இல்லை, எழுந்திருக்காதீர்கள், முடித்துவிட்டேன். சாவி இந்தாருங்கள். இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்றாம் கட்டில் வலது கைப் பக்கம். தங்கச்சாமி வெளியிலேயே இருக்கட்டும், அப்பாவைப் பார்த்தால் பிள்ளை மறுபடி பிடிவாதம் பிடிக்கும். இன்று காலை சோறு, தண்ணீர் எல்லாம் கொண்டுபோனேன். விளக்குப் பெட்டிகள் ஓரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. நேற்றிலிருந்தே தட்டுவது, கத்துவது ஒன்றும் இல்லை. அவசரப்படாமல் போங்கள், இன்ஸ்பெக்டர். இனிமேல் கதவைத் திறந்தே வைத்தாலும் அவள் எங்கும் போகமாட்டாள்.