ஒடுங்காத தலை

இரவு பதினொன்றரை மணி. கெய்ர்ன்ஸ் ஊருக்குத் தெற்கே கரும்புக்காட்டை அறுத்துக்கொண்டு போகிற ரோடு... ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. டார்ச்சை அணைத்துவிட்டு நெருங்கி உட்காருங்கள். நம் ஷோனாவின் பெரியம்மா ரேலீனுக்கு நடந்தது இது.

அந்த ரோட்டின் கடைசியில் ஒரு டிவி நிலையம். அங்கே கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை அவளுக்கு. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அன்றிரவு அவள் தனியாகக் காரில் போனது ஒரு முகத்தைச் சரிசெய்ய.

கெரின் என்ற பெண்ணைக் காணவில்லை. பத்தொன்பது வயது. தொலைந்துபோன அன்று காலையில்தான் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். அந்தக் கோலத்தில் போட்டோ யாரிடமும் இல்லை. அதனால் ரேலீன் அவள் முகத்தைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கினாள். கண்ணுக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. கருமணி வட்டமாக வந்துவிட்டால் முகமும் சரி.

ஆனால் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு புள்ளியும் சதுரம். டிவியில் அதே புள்ளி கொஞ்சம் அகலம். அனுப்பும் முன் படத்தைப் பக்கவாட்டில் ஒடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வட்டம் முட்டையாகும், ஒல்லி முகம் உப்பிப்போகும். அதற்கு அரை மணி கேட்டாள். செய்தி ஆசிரியர் பாரி கொடுக்கவில்லை.

"விரக்கடை அகலம் கூடுனா யாரு செத்தா? டிகிரி வாங்குனவளுக்கு மூஞ்சிய ஸ்கேல் வச்சுத்தான் பாக்கணுமோ, கண்ணு?"

மூன்று நாள் அந்த உப்பிய முகம்தான் வீடு வீடாகப் போனது. ஒரு போன் வரவில்லை. கெரினின் அம்மா கோரல் மட்டும் நேரில் வந்தாள்.

"இது எம் பொண்ணு இல்லம்மா. யாரோ."

திருத்திப் போட்டால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடும் என்றான் பாரி. தொலைந்தது அவன் மகளா என்ன. காலைச் செய்திக்குத் தானே மாற்றி வைத்துவிடலாம் என்றுதான் ரேலீன் வந்தாள்.

உள்ளே யாருமில்லை. பக்கத்துச் சர்க்கரை ஆலையின் பாகு நாற்றம் ஏ.சி. வழியாக வந்தது. வெளியே கர்லூ பறவை வீறிட்டது... பெண் கத்துவது போலவே இருக்கும். அந்த ஊர்க்காரர் யாரும் அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பதில்லை.

இடப்பக்கம் கம்ப்யூட்டர் திரை. வலப்பக்கம் டிவி. ஒடுக்கினாள். இடது திரையில் முகம் மெலிந்தது. வலது திரையில் சரியாக நின்றது. கருமணி வட்டம். கெரின் அவளை நேராகப் பார்த்தாள்.

அப்போதுதான் கண்டாள்... கெரினின் காதுக்குப் பின்னால், சின்னதாக இன்னொரு தலை. ஒட்ட வெட்டிய முடி.

ஏதோ பழைய படத்தின் மிச்சம் என்று நினைத்தாள். விரித்தாள். முகம் அகன்றது. அந்தத் தலை அகலவில்லை. ஒடுக்கினாள். முகம் ஒடுங்கியது. அது ஒடுங்கவில்லை. டிவியைப் பார்த்தாள். அங்கேயும் அதே தலை, அதே அகலம்.

படத்துக்குள் இருப்பது எதுவானாலும் ஒடுங்கியாக வேண்டும். ஒடுங்காதது படத்தில் இல்லை... திரையின் கண்ணாடியில் பிரதிபலிக்கிறது. இரண்டு திரைகளின் கண்ணாடியிலும் தெரிவது அவள் நாற்காலிக்குப் பின்னால் உள்ள அறை.

அவள் திரும்பவில்லை. ஈர மண் வாசனை. கருகிய கரும்பு வாசனை. முதுகுக்குப் பின்னால் சொட்... சொட்... கை மட்டும் வேலை செய்தது. படம் டேப்பில் ஏறி முடிந்ததும் சொட்டுச் சத்தம் நின்றது. அப்புறம்தான் திரும்பினாள். தரை விரிப்பில் இரண்டு பாதங்களின் வடிவில் ஈரம்.

காலையில் அந்த முகம் அளவு பிசகாமல் போனது. பெட்ரோல் பங்க்காரன் ஒருவன் போலீசுக்கு ஓடினான்.

"இவளத்தான் பாத்தேன், லாரில ஏறுனா. டிவில வந்தது வேற குண்டு மூஞ்சின்னு சும்மா இருந்துட்டேனே."

அதற்குள் லாரி எந்த எல்லையைத் தாண்டியதோ. அது கிடைக்கவேயில்லை.

அன்று மதியம் கோரல் போன் செய்தாள். அழவில்லை.

"இப்பத்தாம்மா எம் பொண்ணு. அச்சு அசலா அவளேதான். ஒன்னு மட்டும் சொல்லு... கண்ண ஏன் மூடி வச்சுட்ட?"