பைப்பில் வந்த சத்தம்

ஓடுகிறோம். உம்மாவின் இடுப்பில் குடம். வெறுங்குடம். அதைக் கீழே போட அவளுக்குத் தோன்றவில்லை. வாப்பா வாசலிலிருந்து பாய்ந்து வந்து என் கையைப் பிடித்து இழுக்கிறார். தகரக் கூரையில் கல் விழுகிறது. பிறகு ஒரு வெடிச் சத்தம். பிறகு இன்னொன்று. இரண்டே இரண்டு. நான் எண்ணினேன்.

"உள்ள ஓடுங்க! எல்லாரும் உள்ள ஓடுங்க!"

கதவைச் சாத்தினோம். வெளியே குடங்கள் உருண்டன. அதன் பிறகுதான் அலறல் கேட்டது.

பம்பாய், தாராவி. தொண்ணூற்று மூன்று, கலவர ஜனவரி. ஊரடங்கின் நாலாம் நாள். மாலை நாலரை மணி. எனக்குப் பத்து வயது.

எங்கள் சந்தில் பதினாறு வீடு. எல்லோரும் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். நாங்கள் ஏழு வீடு முஸ்லிம்கள். மற்ற ஒன்பது வீடு இந்துக்கள். பைப் ஒன்று. நாலரைக்குத் தண்ணீர் வரும். வருவதற்கு முன் பைப்பில் காற்று சீறும், இரண்டு தடவை செருமும். அதை முதலில் கேட்பவர் கத்த வேண்டும். அதுதான் சந்தின் வழக்கம். எனக்கும் எதிர்வீட்டுச் செல்விக்கும் இதில் தினமும் போட்டி. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதில் எனக்கு அப்படி ஒரு திமிர்.

ஊரடங்கு போட்ட நாளிலிருந்து தண்ணீர் இல்லை. அன்றைக்குச் சுவருக்குப் பின்னால் சீறல் கேட்டது. செருமலும் கேட்டது. யோசிக்கவே இல்லை. கத்திவிட்டேன்.

"தண்ணி வந்துட்டு!"

அந்தச் சொல்லைக் கேட்டால் எங்கள் சந்துப் பெண்களின் கால் தானாக எழுந்துவிடும். ஊரடங்காவது ஒன்றாவது. குடத்தோடு வெளியே வந்தார்கள். எங்கள் உம்மாதான் முதல் ஆள். நானும் கூடவே ஓடினேன். செல்வியின் அம்மா இசக்கியம்மா அத்தை இரண்டாவது.

பைப்பில் காற்றுதான் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சுட்டது யார் என்று எந்தக் காகிதத்திலும் எழுதவில்லை. அத்தை பைப்படியிலேயே விழுந்தாள்.

மறுநாள் பேச்சு கிளம்பிவிட்டது. சாகுல் தன் மகளை விட்டுக் கத்தச் சொன்னானாம். பெண்களை வெளியே வர வைத்துச் சுட வைத்தானாம். சாகுல் என் வாப்பா. தோல் பர்ஸ் தைக்கிறவர். அப்படியென்றால் அவர் பெண்டாட்டி ஏன் முதல் ஆளாகப் போனாள்? ஒருத்தரும் கேட்கவில்லை. செல்வியின் அப்பா பால்பாண்டி மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார். பார்த்துவிட்டுப் போனார். வாப்பாவும் அவரும் ஒரே பீடியைப் பாதிப் பாதி இழுத்தவர்கள்.

அன்றைக்கே நாங்கள் ஏழு வீடும் கிளம்பினோம். கடையநல்லூரில் வாப்பா ஒரு பெட்டிக்கடை போட்டார். பம்பாயிலிருந்து லீவில் வருகிறவர்கள் அவரைக் கண்டால் எதிர்ச்சாரியில் நடந்தார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன் என்று வாயெடுத்தால் அடக்கிவிடுவார். பிள்ளையை இழுத்துப் பேசுவார்கள், என்னோடு போகட்டும் என்பார். அவரோடுதான் போயிற்று. போன வருஷம் மௌத்தானார். மையத்து அடக்கத்துக்குப் பம்பாய்க்காரர் ஒருவரும் வரவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சயான் ஸ்டேஷனில் இறங்கித் தாராவிக்கு நடக்கிறேன். வீடுகள் மேலே மேலே ஏறியிருக்கின்றன. சந்தில் வானம் ஒரு முழம்தான் தெரிகிறது. கதவுக்குக் கதவு சர்வே நம்பர். இடிக்கப் போகிறார்களாம். ஒரு பெண் யாரைத் தேடுகிறாய் என்று இந்தியில் கேட்கிறாள். என் இந்தி பத்து வயதோடு நின்றுபோனது. செல்வி என்று மட்டும் சொன்னேன்.

செல்விக்குப் பாதி முடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். வா என்று சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டாள். உள்ளே பால்பாண்டி மாமா நாற்காலியில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். வாப்பா கத்தச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. பைப்பில் சத்தம் வந்தது. நான் கேட்டேன். கத்தினேன். அவ்வளவுதான்.

செல்வி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானும் கேட்டேன் மெகரு. உனக்கு முந்தியே கேட்டேன். வாயத் தொறக்கதுக்குள்ள நீ கத்திட்ட."

அடித்துவிடுவேன் போலிருந்தது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு போன வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது பதினொரு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்டாள். அப்புறம் சொல்வதற்கு நேரம் கடந்துவிட்டதாம். அவள் சொன்னது விளங்கத்தான் செய்தது. மன்னித்தேனா என்று கேட்காதீர்கள்.

உங்க அப்பாட்ட சொல்லு என்றேன். அவருக்குக் காது கேட்காது என்றாள்.

"அப்ப கத்து."

குனிந்து அவர் காதருகே கத்தினாள்.

"யப்பா! அன்னைக்குப் பைப்புல சத்தம் வந்துச்சு! நானும் கேட்டேன்! சாகுல் மாமா யாரையும் கூப்பிடச் சொல்லல!"

எதிர்க் கதவு திறந்தது. மாடிப்படியில் ஆட்கள் இறங்கி வந்து நின்றார்கள். மூன்று தடவை கத்தினாள். மூன்றாவது தடவை மாமாவுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தார். பிறகு என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார்.

"சாகுல் வந்திருக்கானா?"

இல்லை மாமா என்றேன். அது அவருக்குக் கேட்கவில்லை. கத்த என்னால் முடியவில்லை.

போனவற்றை எழுதி வைக்கிறேன். பைப்படியில் கிடந்த குடம் ஆறு. உம்மா கொண்டுவந்தது சேர்த்தி இல்லை. எங்கள் தையல் மெஷின் இரண்டு. காலியான வீடு ஏழு. உயிர் ஒன்று, இசக்கியம்மா, செல்வியின் அம்மா. இன்னொன்றையும் நான் சேர்க்கிறேன். சாகுல், என் வாப்பா. யாரையும் கூப்பிடச் சொல்லாதவர். செல்வி கத்தியபோது அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது.