பாதி கருகிய கம்பு

— கத்தாம சொல்லு பாப்பா. யாரு செத்துட்டா?

— யாரும் சாகலப்பா. கம்புப் பயிரும் சாகல, அதான் பிரச்சினை! பாதி கருகிடுச்சுன்னு விலைக் கணிப்புல எழுதிட்டேன். எங்க ஆபீஸ் ஆளுங்க நேர்ல போய்ப் பாத்தா, களத்துல மலை மலையாக் குவிஞ்சு கிடக்குதாம்.

— பின்ன? கதிர் ஒவ்வொண்ணும் முழங்கை நீளம்ல!

— இதை ஏன் என்கிட்ட சொல்லல?

— நீ எங்க கேட்ட? விவசாயிங்க பன்னெண்டு பேர் நம்பர் கேட்ட, குடுத்தேன்.

— பன்னெண்டு பேரும் ஒரே மாதிரி "பாதிதாம்மா, பாதிதாம்மா"ன்னாங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பாட்டு ஒப்பிக்கிற மாதிரி.

— நான்தான் சொல்லிக் குடுத்தேன். ஆபீஸ்ல இருந்து கேட்டா பாதின்னு சொல்லுங்க, நிவாரணம் வரும்னு.

— நிவாரணம் குடுக்கற ஆபீஸ் வேற, விலை சொல்ற ஆபீஸ் வேற! நம்ம குடும்பத்துல மொத டிகிரிப்பா இது. அதுலயே மண்ணள்ளிப் போட்டுட்டியே.

— எல்லா ஆபீஸ்லயும் அதே ஓட்டை ஃபேன், அதே முறைப்பு. எனக்கென்ன தெரியும்?

— சரி, நம்ம கம்பையாவது வித்துட்டியா?

— எவனாச்சும் விப்பானா? அடுத்த மாசம் விலை ஏறும்னு நீதான எழுதியிருக்க. ஊரே மூட்டையை வீட்டுக்குள்ள அடுக்கி வச்சிருக்கு.

— நீங்க சொன்ன பொய்யை வச்சுத்தான்பா நான் அதை எழுதினேன்!

— இருக்கட்டுமே. அச்சுல பாத்ததும் எங்களுக்கே நம்பிக்கை வந்துருச்சு.

— இங்க என்ன சொல்றாங்க தெரியுமா? நான் ஒருத்தருக்கும் ஃபோன் பண்ணாம, உக்காந்த இடத்துலயே கதை கட்டிட்டேனாம். இன்னைக்கே நிரூபிக்கலைன்னா வேலை போச்சு.

— திருத்தம் எப்ப வரும்?

— நாளைக்கு. ஏன்?

— அப்ப இன்னைக்கே வண்டி பிடிச்சு மொத்தத்தையும் வித்துடறோம். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. உங்க அதிகாரி கண்ணாடி போட்ட எருமைன்னு நீதான சொல்லுவ? அந்த எருமைக்கு என்ன தெரியப் போகுது?

— ஃபோன் ஸ்பீக்கர்ல இருக்குப்பா. பொய் சொன்னது நீதான்னு அவரே காதால கேட்டு, என் வேலைநீக்கக் கடிதத்தைக் கிழிக்க எடுத்தாரு; எருமைன்னதும் திரும்ப மேசையில வச்சுட்டாரு.